விலைவாசிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

விலைவாசி நூற்றுக்கு இத்தனை விழுக்காடு உயர்ந்துள்ளது என்று ஒவ்வொரு மாதமும் அரசு அறிவிக்கின்றது. அச்செய்தியைப் படிக்கும் இல்லத்தரசியர் பலரும் நகைத்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகின்றனர். ‘கடைக்குப் போய் வந்தால் தெரியும் கணக்கு’ என்பது அவர்தம் விடை. 2025 அக்டோபர் மாதத்திற்குரிய உயர்வு 0.25 விழுக்காடே என்று அறிவிக்கப்பட்டபோது இந்நகைப்பு இன்னும் உரக்கக் கேட்டது. ‘கால் விழுக்காடா? நம் வீட்டில் எதன் விலை கால் விழுக்காட்டோடு நின்றது?’ என்று வினவாதார் இலர்.

அரசின் கணக்கு மெய்யா, அடுக்களையின் கணக்கு மெய்யா? இதனைப் பொருளியல் அறிஞர்க்கே உரிய வினா என்று நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. ஓர் அளவு எப்போது மெய்யாகும், எப்போது பொய்யாகும் என்னும் அறவினா இதனுள் அடங்கியுள்ளது. கள்ளாமை விரதத்திற்கு உரிய குற்றங்களை எண்ணிய நம் ஆசிரியர்கள், குறைத்தும் மிகுத்தும் அளத்தலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். படியும் தராசும் கொண்டு அளப்பார்க்குச் சொன்ன அவ்விதி, எண்ணால் அளப்பார்க்கும் பொருந்தும் அன்றோ? ஆதலின் இதனை நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

ஒரு சத்தியத்திலிருந்து பிறந்த கணக்கு

விலைவாசியை அளக்கும் முயற்சி ஓர் அறக்குழப்பத்தினின்றே தோன்றியது என்பது பலரும் அறியாத செய்தி. இங்கிலாந்தில் வில்லியம் ஃபிளீட்வுட் என்னும் கிறித்தவ குருமார் ஒருவர் 1707 இல் ‘குரோனிக்கன் பிரிசியோசம்’ என்னும் நூலை வெளியிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற ஒரு கல்லூரியின் விதிப்படி, ஆண்டுக்கு 5 பவுண்டு வருவாய் தரும் சொத்து உடையவர் அங்கே உதவி பெறும் உறுப்பினராக இருத்தல் ஆகாது. அவ்விதியைக் காப்பதாகச் சத்தியமும் செய்தல் வேண்டும். இரண்டரை நூற்றாண்டு கழிந்தபின், 5 பவுண்டுக்கு மேல் வருவாயுடைய ஒருவர் மனச்சான்றுக்கு மாறின்றி அச்சத்தியத்தைச் செய்யலாமா என்பதே நூலின் வினா.

ஃபிளீட்வுட் பழங்கணக்குகளைத் தேடித் தானியம், இறைச்சி, பானம், துணி ஆகியவற்றின் விலைகளைத் தொகுத்தார். அக்காலத்து 5 பவுண்டு வாங்கிய பொருளைத் தம் காலத்தில் வாங்க 28 அல்லது 30 பவுண்டு வேண்டும் என்று கண்டார். விதியைச் செய்தவர் எண்ணியது ஐந்து என்னும் எண்ணை அன்று, அவ்வெண் தாங்கிய வாழ்வை என்பது அவர் முடிவு. சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிடுதல் சத்தியம் ஆகாது என்பதை அவர் விலைப்பட்டியலைக் கொண்டே நிறுவினார்.

நம் நாட்டு முன்னோர் இக்குழப்பத்திற்கே இடங்கொடாமல் வேறொரு வழி கண்டனர். கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்குக் காசைக் கொடுத்ததோடு நில்லாமல், 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்த செய்தியைக் கல்வெட்டுகள் பலவும் சொல்கின்றன. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அவற்றின் பெயர். ஆடு மூத்தாலும் மாய்ந்தாலும் அதன் குட்டி அதனிடத்தை நிரப்பும். நெய்யின் அளவு குறையாது. காசின் மதிப்புத் தேயலாம், நெய்யின் அளவு தேயாது என்று அவர்கள் அறிந்திருந்தனர். நெல்லாகக் கூலியும் நெல்லாகக் கட்டளையும் எழுதியதன் உட்பொருளும் இதுவே. பணமாகக் கொடுத்து வாங்கும் காலம் வந்தபின்னரே, பணத்தின் தேய்மானத்தை அளக்கும் கோல் ஒன்று நமக்குத் தேவையாயிற்று.

கோல் எவ்வாறு செய்யப்படுகின்றது

அக்கோலே நுகர்வோர் விலைக் குறியீட்டெண். மக்கள் தம் வருவாயை எவ்வெவற்றிற்குச் செலவிடுகின்றனர் என்று முதலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் கேட்டறிவர். அதனைக் கொண்டு ஒரு கூடையை அமைப்பர். அரிசிக்கு இத்தனை பங்கு, பாலுக்கு இத்தனை, வீட்டு வாடகைக்கு இத்தனை, மருத்துவத்திற்கு இத்தனை என்று ஒவ்வொன்றிற்கும் எடை வகுப்பர். பின்னர் மாதந்தோறும் குறிப்பிட்ட கடைகளில் அதே பொருள்களின் விலையைக் கேட்டு, கூடையின் மொத்த விலை எவ்வளவு மாறியுள்ளது என்று கணிப்பர்.

2012 ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் 310 நகரங்களிலும் 1181 சிற்றூர்களிலும் விலை கேட்கப்பட்டது. உணவுக்கும் பானங்களுக்கும் 45.86, வீட்டிற்கு 10.07, எரிபொருள் விளக்குக்கு 6.84, ஆடை காலணிக்கு 6.53 என எடைகள் வகுக்கப்பட்டிருந்தன. இவ்வெடைகள் 2011-12 இல் எடுத்த குடும்பச் செலவு ஆய்வினின்று பெறப்பட்டவை. இடையில் 2017-18 இல் எடுத்த ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் போதாது என்று கூறி 2019 நவம்பரில் அரசு வெளியிடாது விட்டது. ஆதலின் பழைய கூடையே நெடுங்காலம் நீடித்தது. 2026 பிப்ரவரியில்தான் 2024 ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் வந்தது. அதில் உணவின் எடை ஏறத்தாழ 37 ஆகக் குறைந்துள்ளது.

இதனால் விளைந்த ஒன்றை ஈண்டுக் காண்க. 2025 அக்டோபரில் உணவுப்பொருள் விலைகள் முந்தைய ஆண்டைக் காட்டிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்திருந்தன. பழைய கூடையில் உணவின் எடை மிகுதி. ஆதலின் அக்குறைவு மற்ற பொருள்களின் உயர்வையெல்லாம் பெரிதும் மறைத்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பழங்கோல் புதிய துணியை அளந்தது.

மேலும் ஒன்று. முந்தைய ஆண்டாகிய 2024 அக்டோபரில் உயர்வு 6.21 விழுக்காடு. அவ்வுயர்வின் மேல் கால் விழுக்காடு கூடியது என்றால், 2023 இல் 100 ரூபாயாக இருந்த கூடை 2025 இல் ஏறத்தாழ 106 ரூபாய் 50 காசு ஆகின்றது. உயர்வின் வேகம் தணிந்தது, விலை இறங்கவில்லை. ‘பணவீக்கம் குறைந்தது’ என்னும் தலைப்பை ‘விலை குறைந்தது’ என்று படித்துவிட்டுக் கடையில் ஏமாற்றம் அடைவோர் பலர். இதில் அரசின் குற்றத்தைவிடச் சொற்பொருளை விளக்காதார் குற்றமே பெரிது.

சராசரி என்பவர் யார்?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த பாடங்களுள் இன்றும் நினைவில் நிற்பது ஒன்று. வகுப்பின் சராசரி மதிப்பெண் 50 என்றால், 50 பெற்ற மாணவர் ஒருவரேனும் அவ்வகுப்பில் இருத்தல் வேண்டும் என்பதில்லை. பாதிப்பேர் 80 உம் பாதிப்பேர் 20 உம் பெற்றிருக்கலாம். சராசரியை நோக்கிப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவருக்கும் பாடம் நடத்தியவர் ஆகார். சராசரி தலைமையாசிரியரின் பதிவேட்டிற்கு உரியது; வகுப்பாசிரியர்க்கு மாணவர்தம் முகம் தெரிந்திருத்தல் வேண்டும்.

குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஓராண்டில் உணவின் விலை 10 விழுக்காடும் மற்றவற்றின் விலை 2 விழுக்காடும் உயர்ந்தன என்று கொள்வோம். வருவாயில் 60 விழுக்காட்டை உணவிற்கே செலவிடும் கூலிக் குடும்பத்திற்கு உயர்வு 6.8 விழுக்காடு. 25 விழுக்காட்டை மட்டும் உணவிற்குச் செலவிடும் செல்வக் குடும்பத்திற்கு 4 விழுக்காடு. இரண்டும் ஒரே தெருவில் வாழலாம். ஒரே கடையில் வாங்கலாம். அரசு சொல்லும் எண் இவ்விரண்டிற்கும் இடையில் எங்கோ நிற்கும். அவ்வெண் இருவர் வீட்டிற்கும் உரியது அன்று.

நம் குடும்பங்களின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். 2012 தொடரின் கூடையில் இறைச்சிக்கும் மீனுக்கும் 3.61, முட்டைக்கு 0.43, பருப்பு வகைகளுக்கு 2.38 என எடை இருந்தது. புலால் உண்ணாத நம் இல்லங்களில் முதலிரண்டும் சுழியம்; பருப்பும் பாலும் அந்த இடத்தை நிரப்புகின்றன. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நாம் உற்ற இடர், குறியீட்டெண் காட்டியதைவிடப் பெரிது. 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைக் கடந்து குறியீட்டெண்ணை உயர்த்தியபோது, வெங்காயமே வாங்காத நம் இல்லங்கள் அவ்வுயர்வை அறியவே இல்லை. ஒருமுறை எண் நம் துன்பத்தைக் குறைத்துக் காட்டியது; மறுமுறை மிகுத்துக் காட்டியது. முன்னதை மட்டும் நினைவில் வைத்துப் பின்னதை மறப்பது நேர்மை ஆகாது.

முதுமையும் ஒரு தனிக்கூடை. அதே தொடரில் மருத்துவத்திற்கு 5.89 விழுக்காடே எடை. நாள்தோறும் நான்கைந்து மாத்திரை உட்கொள்ளும் முதியவர் இருக்கும் வீட்டில் இப்பங்கு எவ்வளவு என்பதை அவ்வீட்டார் அறிவர். இரு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்த இளங்குடும்பம் கல்விக்கு ஒதுக்கிய 4.46 ஐக் கண்டு வியப்படையும். இவர்களிடம் ‘கணக்கு சரிதான்’ என்று சொன்னால், ‘யாருடைய கணக்கு?’ என்று அவர்கள் கேட்பது முறையே.

எதிர்த் தரப்பின் வாதம்

குறியீட்டெண் உயர்வைக் குறைத்தே காட்டும் என்பது பொதுமக்கள் எண்ணம். ஆயின் மிகுத்துக் காட்டுகின்றது என்று கூறிய அறிஞரும் உளர். அமெரிக்காவில் மைக்கேல் போஸ்கின் தலைமையில் அமைந்த ஐவர் குழு 1996 இல் அளித்த அறிக்கை, அந்நாட்டுக் குறியீட்டெண் ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டுப் புள்ளி மிகுதியாகக் காட்டுவதாகக் கூறியது. ஒரு பொருளின் விலை ஏறினால் மக்கள் அதற்கு நிகரான மற்றொன்றிற்கு மாறிக்கொள்வர். மாறாத கூடை அதனைக் காணாது. பொருளின் தரம் உயர்வதால் விலை ஏறினால் அது முழுதும் விலையேற்றம் ஆகாது. இவை அவர்தம் காரணங்கள்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. காப்பித்தூள் விலை ஏறியதும் தேநீருக்கு மாறி, அதே மனநிறைவோடு இருப்பவர்க்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆயின் அம்மனநிறைவு நிகர்தானா என்பதை யார் அளப்பது? துவரம்பருப்பு விலை ஏறியபின் சாம்பாரை விடுத்து ரசத்தோடு உணவை முடித்துக்கொண்ட குடும்பத்தின் செலவு ஏறவில்லை. அக்குடும்பத்தின் பிள்ளைக்குக் கிடைத்துவந்த ஊட்டம் குறைந்துவிட்டது. விரும்பி மாறுதல் ஒன்று. வேறு வழியின்றி மாறுதல் மற்றொன்று. செலவுக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இங்குதான் எண்ணின் எல்லை முடிந்து, அறத்தின் நோட்டம் தொடங்குகின்றது.

அந்த அறிக்கையின்மேல் மூண்ட வாதமும் கருதத்தக்கது. அமெரிக்க முதியோர்க்கு வழங்கும் ஓய்வுத்தொகை அக்குறியீட்டெண்ணோடு பிணைக்கப்பட்டது. எண்ணைச் சிறிது தாழ்த்தினாலும் முதியோர் கையிற் சேரும் தொகை ஆண்டுதோறும் குறையும். அளவுகோலைத் திருத்துவது அறிவுப்பணிதான். எனினும் அத்திருத்தத்தால் எவர் தட்டில் சோறு குறையும் என்று கேளாமல் திருத்துவது அறிவுடைமை ஆகாது.

குறையளவும் பொய்யளவும்

குறையுடைய அளவு வேறு, பொய்யளவு வேறு. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. அர்ஜென்டினா நாட்டில் 2007 இன் தொடக்கத்தில், விலைக் குறியீட்டுப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த கிரேசியலா பெவாக்குவா பதவியினின்று அகற்றப்பட்டார். அதன்பின் அரசு அறிவித்த உயர்வு 10 விழுக்காட்டையொட்டி நிற்க, மாநிலங்களும் தனியாரும் கணித்த உயர்வு அதன் இருமடங்கையும் கடந்தது. விலைவாசியோடு பிணைக்கப்பட்ட கடன் பத்திரங்களுக்கு அரசு கொடுக்க வேண்டிய தொகை இதனால் குறைந்தது. உண்மைக் கணக்கை வெளியிட்ட தனியார் ஆய்வாளர்கள்மேல் 2011 இல் அபராதமும் விதிக்கப்பட்டது. பன்னாட்டு நிதியம் 2013 பிப்ரவரியில் அந்நாட்டின்மீது கண்டனம் தெரிவித்தது. அரசு மாறி, கணக்குத் திருத்தம் பெற்றபின் 2016 இல் அக்கண்டனம் நீங்கியது.

அது பொய்யளவு. அறிந்தே செய்யப்பட்டது, ஒருவர் உடைமையை மற்றொருவர்க்கு மாற்றியது. நம் நாட்டுக் குறியீட்டெண்ணையும் அதனோடு ஒருசேர வைத்துத் ‘எல்லாம் பொய்’ என்று நாம் சொல்லிவிடுவோமாயின், கடைதோறும் சென்று விலை கேட்டு எழுதும் ஊழியர்தம் உழைப்பைச் சான்றின்றிப் பழித்தவர் ஆவோம். சான்றில்லாப் பழியும் பொய்யின் வகையே. கூடையை நெடுங்காலம் புதுக்காமல் வைத்திருந்ததும், எடுத்த ஆய்வை வெளியிடாது விட்டதும் குறைகள். அவற்றைக் குறை என்றே சொல்லுதல் வேண்டும். களவு என்று சொல்லுதல் தகாது.

குறியீட்டெண் எட்டாத கைகள்

இதுகாறும் கூறியவை கோலின் குறைகள். அக்குறைகளைப் பற்றி உரக்கப் பேசுவோர் பெரும்பாலும் யார் என்று எண்ணிப் பார்த்தால், வேறோர் உண்மை புலப்படும். அரசு ஊழியரும் எம்போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியரும் அகவிலைப்படி பெறுகின்றோம். தொழிலாளர்க்கான விலைக் குறியீட்டெண் உயர உயர அப்படியும் உயர்கின்றது. அது போதாது என்பது எங்கள் குறை. குறியீட்டெண் அறவே எட்டாதார் நிலையோ வேறு.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2011 இல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்பின் 2023 ஆகஸ்டில்தான் 1200 ரூபாய் ஆயிற்று. 2012 இல் 100 ஆக வைத்த குறியீட்டெண் அம்மாதத்தில் 186 ஐ எட்டியிருந்தது. 2012 இல் 1000 ரூபாய் வாங்கியதை வாங்க 1860 ரூபாய் வேண்டும், கிடைத்தது 1200. தொகை கூடியது போல் தோன்றினும், பழைய மதிப்பில் அது 645 ரூபாயே. தொழிலாளர் சேமநிதி ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்த அளவு 2014 இல் 1000 ரூபாய் என வகுக்கப்பட்டு, பத்தாண்டு கடந்தும் உயராமல் நின்றது. இவர்களுக்கு அரசின் கணக்கு சரியா தவறா என்னும் வழக்கே எழவில்லை. அக்குறையுள்ள கோலால் அளந்து கொடுத்திருந்தாலும் அவர்கள் வாழ்வு இன்னும் சிறிது மேம்பட்டிருக்கும்.

இதனை அரசுக்கு மட்டும் சொல்லி நாம் அமைதல் கூடாது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் மாதச் சம்பளத்தை எத்தனை ஆண்டுகளுக்கு முன் உயர்த்தினோம்? ஜினாலயத்தில் பூசை செய்யும் உபாத்தியாயர்க்கும், காவல் காப்பவர்க்கும், பூத்தொடுப்பவர்க்கும் வழங்கும் தொகை எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது? நம் தந்தையரும் பாட்டனாரும் எழுதிவைத்த அபிடேகக் கட்டளைகள் பலவற்றின் வட்டி இன்று ஒருநாட் பாலுக்கும் போதாது. கட்டளைப் புத்தகத்தில் பெயர் நிற்கின்றது. கட்டளை நடப்பதில்லை, அல்லது பிறர் பொருளால் நடக்கின்றது. ‘சொன்ன தொகையைத்தானே கொடுக்கின்றோம்’ என்று நாம் சொல்வோமாயின், ஃபிளீட்வுட் எழுப்பிய வினா நம் முன்னும் வந்து நிற்கும். நாம் கொடுப்பதாகச் சொன்னது எண்ணையா, அவ்வெண் தாங்கிய வாழ்வையா?

விலை ஏறாமல் தோற்றுவித்துப் பொட்டலத்தின் எடையைக் குறைக்கும் வணிகத்தை நாம் வெறுக்கின்றோம். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஐந்து ரூபாயாகவே இருக்க, உள்ளே பண்டம் குறைந்திருப்பதைக் கண்டு சினம் கொள்கின்றோம். ஆண்டுக்கணக்கில் உயர்த்தாத சம்பளமும் அவ்வாறே சிறுத்த பொட்டலம். மேலே எழுதிய எண் மாறவில்லை. உள்ளே இருக்கும் சோறு குறைந்துவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டுக் கணக்கு எழுதுதல். அரிசி, பருப்பு, பால், எண்ணெய், மின்கட்டணம், மருந்து, கல்வி எனப் பத்துப் பன்னிரண்டு தலைப்பில் ஓராண்டு எழுதிவைத்தால், மறு ஆண்டு அதே பொருள்களுக்கு ஆகும் செலவை அதனோடு ஒப்பிடலாம். புதிதாக வாங்கத் தொடங்கிய பொருள்களைத் தனியே வைத்தல் வேண்டும். செலவு ஏறியதில் விலையால் ஏறியது எவ்வளவு, நம் விருப்பத்தால் ஏறியது எவ்வளவு என்பது அப்போது தெரியவரும். இரண்டையும் விலைவாசியின் தலையில் ஏற்றிப் பழகிவிட்டோம். உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் இப்பணியை ஒப்படைத்தால் விழுக்காட்டுக் கணக்கும் அவர்க்குக் கைவரும்.

இரண்டாவது, நாம் மாதந்தோறும் கொடுக்கும் சம்பளங்களையும் கோயில் ஊதியங்களையும் ஆண்டிற்கொரு முறை தவறாது ஆராய்தல். அரசு அறிவிக்கும் விழுக்காட்டைக் குறைந்த அளவாகக் கொண்டு, அதற்குக் கீழ் செல்வதில்லை என்று உறுதி கொள்ளலாம். உணவிற்கே பெரும்பங்கைச் செலவிடும் குடும்பமாயின், உணவு விலை உயர்ந்த ஆண்டில் அதற்கு மேலும் கொடுத்தல் தகும்.

மூன்றாவது, புதிதாகக் கட்டளை ஏற்படுத்துவோர் தொகையை மட்டும் எழுதாமல், இத்தனை படி பால், இத்தனை படி நெய், இத்தனை முழம் பூ என்று பொருளையும் எழுதிவைத்தல். வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்து வரும்படியும் விதிக்கலாம். சாவா மூவாப் பேராடு கற்பிக்கும் பாடம் இதுவே.

அரசின் குறியீட்டெண் நம் வாழ்க்கைச் செலவைச் சரியாகக் காட்டுகின்றதா என்னும் வினாவிற்கு எம் விடை இது: ஒரு நாட்டின் பொதுக்கூடை எவ்வளவு விலை மாறியது என்பதை அது பெருமளவு சரியாகவே காட்டுகின்றது; ஒரு வீட்டின் துன்பத்தைக் காட்டுவதற்கு அது செய்யப்படவில்லை. அதனைக் காண்பதற்கு அவ்வீட்டின் கதவருகே செல்லுதல் வேண்டும். வரும் தீபாவளிக்குமுன், நம் வீட்டிலும் கோயிலிலும் பணிபுரிவோர் பெறும் தொகை எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒருமுறை பார்த்துத் திருத்துவாராக.